டெங்கு: கார்டில் ஐஜிஎம் கோடு, எலிசாவில் நெகட்டிவ். எதை நம்புவது?

கெடிலக்கரை, கடலூர் | நவம்பர் 9, இரவு 8.15

ஒரே ஆளுக்கு வந்த இரண்டு ரிப்போர்ட். காய்ச்சல் மூன்றாம் நாள் தனியார் லேபில் கார்டு டெஸ்ட்: என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் (தொற்று வந்ததும் உடம்பு முதலில் எழுப்பும் ஆன்டிபாடி) மங்கலான கோடு, ஐஜிஜி (பிறகு எழுந்து பல வருஷம் நிற்கும் ஆன்டிபாடி) அழுத்தமான கோடு. பிளேட்லெட் 1,32,000. மறுநாள் வேறோர் இடத்தில் எடுத்த ரத்தத்தில் எலிசா (குழித்தட்டில் ஓட்டும் லேப் டெஸ்ட்) ஐஜிஎம் நெகட்டிவ். ஒரே ராத்திரியில் டெங்கு வந்துவிட்டுப் போய்விட்டதா?

என் கட்சி இது: வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுப்பது தண்டச் செலவு. பிளேட்லெட் பார்த்தால் போதும். மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும். "டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாம் ஷிப்ட், புதுச்சேரி | நவம்பர் 9, இரவு 10.50

இரண்டு ரிப்போர்ட்டும் முட்டிக்கொள்ளவில்லை. இரண்டுமே அவசரப்பட்டு எடுத்தவை.

டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பாதிப் பேருக்குத்தான் ஐஜிஎம் பிடிபடும் அளவுக்கு ஏறும். ஐந்தாம் நாளில் சுமார் 80 சதவீதம், பத்தாம் நாளில் 99 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் தந்த கணக்கு இது. நாலாம் நாள் எலிசா நெகட்டிவ் வந்தால் அதற்கு "இன்னும் சொல்ல முடியாது" என்றுதான் பொருள். ரிப்போர்ட் தாளில் அப்படி அச்சடிக்க இடமில்லை, அதனால் "நெகட்டிவ்" என்று வருகிறது.

என்எஸ்1 வேறு ரகம். அது ஆன்டிபாடி இல்லை, வைரஸ் ரத்தத்தில் கொட்டும் புரதம். காய்ச்சல் தொடங்கிய நாளே இருக்கும், ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் மங்கிவிடும். ஆக முதல் நான்கைந்து நாள் என்எஸ்1, அதன் பிறகு ஐஜிஎம். நடுவில் நாலாம், ஐந்தாம் நாள் ஒரு இடைவெளி விழும், அங்கே இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

கேட்ட ரிப்போர்ட்டில் என் கண் போவது ஐஜிஜி கோட்டுக்கு. மூன்றாம் நாளே அழுத்தமாக வந்திருக்கிறது. முதல்முறை டெங்கு என்றால் ஐஜிஜி முதல் வாரக் கடைசியில்தான் மெல்லத் தலைகாட்டும். மிச்சம் இரண்டு வாய்ப்பு: இது இரண்டாம் முறை டெங்கு, அல்லது எப்போதோ வந்து போன டெங்குவின் ஐஜிஜி மேல் இப்போது வேறு ஏதோ காய்ச்சல். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ இன்னொரு ரத்தம் எடுக்காமல் இதைப் பிரிக்க முடியாது.

பண்ருட்டிப் பலா | நவம்பர் 9, இரவு 11.05

அதாவது காய்ச்சல் போன பிறகு வந்தால் என்ன காய்ச்சல் என்று சொல்வீர்கள்.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 9, இரவு 11.20

கிட்டத்தட்ட அப்படித்தான். சிரிக்காதீர்கள்.

கோரிமேட்டுக்காரர், புதுச்சேரி | நவம்பர் 10, காலை 6.30

மேலே இருப்பதில் ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

திருத்தம்: "ஐந்திலிருந்து ஏழு நாள்" என்பது முதல்முறைத் தொற்றில் என்எஸ்1 நிற்கும் காலம். இரண்டாம் முறையில் உடம்பில் பழைய ஆன்டிபாடி தயாராக நிற்கிறது. அது என்எஸ்1 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கூட்டாகிவிடும், கார்டிலுள்ள ஆன்டிபாடிக்குப் பிடி கிடைக்காது. அதனால் மூன்றாம் நாளே நெகட்டிவ் வரலாம். நம் கரையோரத்தில் பெரியவர்களுக்கு வரும் டெங்குவில் பெரும்பகுதி இரண்டாம் முறைதான். "என்எஸ்1 நெகட்டிவ், அதனால் டெங்கு இல்லை" என்று இங்கே எழுதுவது ஆபத்து.

சேர்க்கை: இரண்டாம் முறையில் ஐஜிஎம்மும் குறைவாகவே ஏறும். சிலருக்குக் கடைசிவரை ஏறவே ஏறாது. அங்கே ஐஜிஜிதான் பேசும், ஆனால் எந்த ஐஜிஜி டெஸ்ட் என்று பார்க்க வேண்டும். பான்பயோ கம்பெனியின் ஐஜிஜி கேப்சர் எலிசாவில் 18க்குக் கீழே நெகட்டிவ், 18 முதல் 22 வரை இழுபறி, 22க்கு மேல் பாசிட்டிவ். இந்த எல்லையை வேண்டுமென்றே மேலே வைத்திருக்கிறார்கள், பழைய ஐஜிஜி அதைத் தாண்டக் கூடாது, இப்போது பீறிட்டு எழும் ஐஜிஜி மட்டும் தாண்ட வேண்டும் என்று. அதே கம்பெனியின் ஐஜிஜி இன்டைரக்ட் எலிசாவில் எல்லை 9, 11. பத்து வருஷத்துக்கு முன் வந்த டெங்குவுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். ரிப்போர்ட்டில் "டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ்" என்று மொட்டையாக இருந்தால் இரண்டில் எது என்று லேபைக் கேட்டு வாங்குங்கள். கார்டுகளிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு.

நாள் கணக்கில் இன்னொரு குழப்பம். காய்ச்சல் தொடங்கிய நாளை ஒருவர் ஒன்று என்பார், இன்னொருவர் சுழியம் என்பார். இங்கே ஒரு நாள் பிசகினாலே விடை மாறும். சீட்டில் "மூன்றாம் நாள்" என்று எழுதுவதைவிடத் தொடங்கிய தேதியை எழுதுவது நல்லது.

வார்டு அக்கா, கடலூர் | நவம்பர் 10, காலை 7.10

சீட்டில் அந்தத் தேதியைப் போடவே மாட்டார்கள் சார். "ஃபீவர்" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். கேட்டால் நோயாளியே "நாலஞ்சு நாளா" என்பார். எந்த வேளையில் முதலில் குளிர் எடுத்தது, அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா, ஞாயிறா திங்களா என்று கேட்டால் தேதி வந்துவிடும். பாராசிட்டமால் வாங்கிய பில் பையில் இருந்தால் அதுவே சாட்சி.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 10, மதியம் 2.40

இப்போது கார்டு. பழி முழுவதும் கம்பெனி மேல் விழுகிறது, பாதி நம் மேசையில் நடப்பது.

அளவு: ஐஜிஎம்/ஐஜிஜி கார்டுக்குப் பெரும்பாலும் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) 10 மைக்ரோலிட்டர், பிறகு பஃபர் (கிட்டோடு வரும் கரைசல்) இரண்டு முதல் நான்கு சொட்டு. கிட்டுக்குக் கிட்டு மாறும், உள்ளே இருக்கும் தாளைப் பார்த்தே ஆக வேண்டும். என்எஸ்1 கார்டு பலவற்றில் பஃபரே கிடையாது, சீரத்தையே இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். இரண்டும் ஒரே சட்டத்தில் வரும் காம்போ கார்டில் என்எஸ்1 பக்கம் 10 மைக்ரோலிட்டர் மட்டும் விட்டு நெகட்டிவ் என்று எழுதியவர்கள் உண்டு. சி (கன்ட்ரோல்) கோடு வந்துவிடும், ஏனென்றால் திரவம் ஓடியதற்குத்தான் அது சாட்சி. போதுமான சீரம் போட்டோமா என்பதை சி கோடு சொல்லாது.

பஃபர் தீர்ந்துவிட்டால் வேறு கிட்டின் பஃபரை எடுத்து ஊற்றுவது. இது நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். உப்பும் சோப்புத்தன்மையும் கிட்டுக்கு ஏற்றபடி கலந்தவை. மாற்றி ஊற்றினால் பின்புலம் சிவக்கும், இல்லாத இடத்தில் கோடு எழும்.

நேரம்: 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் தெரியும் கோடு கோடே அல்ல. திரவம் காயும்போது தங்கத்துகள் சாயம் ஆன்டிபாடி பூசிய இடத்தில் தானாகப் படியும். கார்டை மேசையில் வைத்துவிட்டு மூன்று சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எம் (ஐஜிஎம்) கோடு எல்லார் கார்டிலும் தெரியும்.

ஈரம்: பை கிழித்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், நம் ஊர்க் காற்றில் இன்னும் சீக்கிரம். ஃபிரிட்ஜில் இருந்த கார்டை அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் பை கிழிக்க வேண்டும். உடனே கிழித்தால் பட்டையில் நீர் கோக்கும், ஓட்டம் பாதியில் நிற்கும். உள்ளே சிலிக்கா பொட்டலம் நிறம் மாறியிருந்தால் கார்டைத் தூக்கிப் போடுங்கள்.

சாம்பிள்: ரத்தம் உறைய அரை மணி விடாமல் சுழற்றினால் சீரத்தில் நார் தங்கி பட்டையை அடைக்கும். சிவந்துபோன சீரம், சாப்பாட்டுக்குப் பின் பால் மாதிரி இருக்கும் சீரம், இரண்டிலும் மங்கல் கோட்டை நம்ப முடியாது.

கெடிலக்கரை | நவம்பர் 10, மாலை 6.00

சரி, மங்கல் கோடு என்றால் பாசிட்டிவா நெகட்டிவா? நேராகச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 10, மாலை 6.25

குறித்த நேரத்துக்குள் வந்திருந்தால் எவ்வளவு மங்கலானாலும் பாசிட்டிவ் என்றே கிட் தாள் சொல்லும். அப்படியே எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த லாட்டைச் சோதிக்காமல் எழுதக் கூடாது. காய்ச்சலே இல்லாத இரண்டு மூன்று பேரின் சீரத்தை அதே பெட்டியின் கார்டில் போடுங்கள். அவற்றிலும் மங்கல் எம் கோடு வந்தால் பெட்டியே கோளாறு. பெட்டி திறந்த அன்றே இதைச் செய்தால் ஒரு சீசன் நிம்மதி. மூன்று கார்டு வீண் என்று முதலாளி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கோரிமேட்டுக்காரர் | நவம்பர் 11, காலை 6.15

கோளாறு கார்டில் இல்லாமலும் தவறான எம் கோடு வரும். ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாதக்காரர்களிடம் காணும் ஒரு ஆன்டிபாடி) உள்ளவர்களுக்கு வரும். டெங்குவின் உறவுக்கார வைரஸ்களால் வரும்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, வெஸ்ட் நைல். நமக்கு முக்கியம் முதலாவது. விருத்தாசலம் வட்டாரம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாக அடிபடும் பெயர். வயலில் தேங்கும் தண்ணீர், அதில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றி, கொக்கு எல்லாம் ஒரே இடத்தில். கடலூர் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி ஒன்பதாம் மாதமும் பதினாறிலிருந்து இருபத்து நான்காம் மாதத்துக்குள்ளும் போடுகிறார்கள். அண்மையில் ஊசி போட்ட குழந்தைக்கு டெங்கு ஐஜிஎம் எல்லைக்கோட்டில் வந்தால் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரே சீரத்தை இரண்டு எலிசாவிலும் ஓட்டி எதில் விகிதம் தெளிவாக மேலே நிற்கிறது என்று ஒப்பிடுவார்கள்.

சிக்குன்குனியா வேறு குடும்பம், டெங்குவோடு குழம்பாது. இரண்டும் ஒரே ஏடிஸ் கொசு என்பதால் ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வர முடியும், அது வேறு விஷயம். சிக்குன்குனியா ஐஜிஎம் மாதக் கணக்கில் நிற்கும். டெங்கு ஐஜிஎம்மும் இரண்டு மூன்று மாதம் நிற்கும். செப்டம்பரில் வந்த டெங்குவை நவம்பர் காய்ச்சலின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 11, இரவு 9.30

"95 சதவீதம் சரி என்று பெட்டியில் போட்டிருக்கிறதே" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். பொதுவில் பதில்.

கணக்குக்காக ஒரு கார்டின் சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களில் பிடிபடும் சதவீதம்) 90, ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவர்களில் நெகட்டிவ் காட்டும் சதவீதம்) 95 என்று வைத்துக்கொள்வோம். கத்திரி வெயில் மே மாதம், காய்ச்சல் என்று 1000 பேர் வருகிறார்கள், அதில் 50 பேருக்கு உண்மையில் டெங்கு. கார்டு 45 பேரைப் பிடிக்கும். டெங்கு இல்லாத 950 பேரில் 5 சதவீதம், அதாவது 47 அல்லது 48 பேருக்கும் கோடு காட்டும். கையில் இருக்கும் பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் பொய்.

அதே கார்டு, நவம்பர் மழை, 1000 பேரில் 400 பேருக்கு டெங்கு. பிடிபடுவது 360, தவறாகக் காட்டுவது 600இல் 30. பாசிட்டிவ் பன்னிரண்டு பதின்மூன்றில் ஒன்றுதான் பொய். ஆனால் விட்டுப்போன 40 பேரைப் பாருங்கள், அவர்கள் நெகட்டிவ் தாளோடு வீட்டுக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் நெகட்டிவைச் சந்தேகிக்க வேண்டும், வெயில் காலத்தில் பாசிட்டிவை. பெட்டியில் போட்ட எண் மாறவில்லை, வாசலில் நிற்கும் கூட்டம் மாறியிருக்கிறது.

பண்ருட்டிப் பலா | நவம்பர் 11, இரவு 9.50

பெட்டியில் "மே மாதம் பயன்படுத்தாதீர்" என்று போட வேண்டியதுதானே.

கெடிலக்கரை | நவம்பர் 12, காலை 8.00

எலிசா ரிப்போர்ட் வரவே மூன்று நாள். அதற்குள் காய்ச்சலே விட்டுவிடும். நாலு மணி நேர வேலைக்கு ஏன் இத்தனை நாள்?

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 12, மதியம் 3.15

அரசுக் கண்காணிப்பு மையங்களுக்கு வருவது புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் ஐஜிஎம் கேப்சர் எலிசா கிட். ஒரு தட்டில் 96 குழி, எட்டுக் குழிப் பட்டையாக உடைத்துப் போடலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சாம்பிள்) தனியாகப் போட வேண்டும். மூன்று சாம்பிளுக்காக ஓட்டினால் கன்ட்ரோலே கிட்டைத் தின்றுவிடும். அதனால் சேர்த்து வைத்து ஓட்டுகிறார்கள்.

வேலை பொதுவாக இப்படிப் போகும். சீரத்தை 1:100 கரைத்து குழிக்கு 50 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி. கழுவு. டெங்கு ஆன்டிஜன், மறுபடி ஒரு மணி. கழுவு. பயோட்டின் ஒட்டிய மோனோகுளோனல் ஆன்டிபாடி, ஒரு மணி. கழுவு. அவிடின் எச்ஆர்பி (நிறம் வரவைக்கும் என்சைம்), அரை மணி. கழுவு. டிஎம்பி (அந்த என்சைம் பட்டால் நீலமாகும் திரவம்) 100 மைக்ரோலிட்டர், இருட்டில் பத்து நிமிடம். நிறுத்தும் அமிலம் 100 மைக்ரோலிட்டர், 450 நானோமீட்டரில் படி. அமிலம் விட்ட பத்து நிமிடத்துக்குள் படிக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் கழுவும்போது. ஐந்து முறை என்றால் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் ஓங்கித் தட்ட வேண்டும். ஒட்டாத எச்ஆர்பி ஒரு துளி தங்கினாலும் குழி நீலமாகும், நெகட்டிவ் ஆள் பாசிட்டிவ் ஆவார். வாஷ் பஃபரை வாட்டர் கேனில் வரும் தண்ணீரில் கரைக்காதீர்கள், டிஸ்டில்டு தண்ணீர்தான். சோடியம் அசைடு கலந்த எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், அது எச்ஆர்பி என்சைமைக் கொன்றுவிடும், தட்டு முழுக்க வெளுத்துப்போய் எல்லாரும் நெகட்டிவ். டிஎம்பி பாட்டிலில் ஊற்றும்போதே நீலம் தெரிந்தால் அது கெட்டுவிட்டது. ஒரே டிப்பை இரண்டு குழிக்குத் தொடாதீர்கள். மல்டிசேனலில் ஒரு டிப் சரியாக உட்காராவிட்டால் ஒரு வரிசை முழுக்க ஒரே பக்கம் சாயும். ஓரக் குழிகள் மட்டும் ஏறியிருந்தால் இன்குபேட்டரில் தட்டை மூடாமல் வைத்திருக்கிறீர்கள், ஓரம் சீக்கிரம் சூடாகிக் காய்ந்திருக்கிறது.

கரண்ட். எலிசா கிட்டுக்கு 2 முதல் 8 டிகிரி. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய பிறகு கடலூர் மாவட்டத்தில் பல இடங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோதும் இருட்டுதான். புயல் போன இரண்டாவது வாரத்தில்தான் டெங்கு சாம்பிள் குவியும், ஃபிரிட்ஜ் கரண்டில்லாமல் கிடந்ததும் அதே காலம். ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானி வைத்து, கரண்ட் போன நேரம் வந்த நேரம் எழுதி வையுங்கள். கன்ட்ரோல் ஓடி கிட் தாளில் சொன்ன எல்லைக்குள் வராவிட்டால் அந்தத் தட்டில் எந்த ரிப்போர்ட்டும் போகக் கூடாது. "சாம்பிள் சரி, கன்ட்ரோல் மட்டும் கொஞ்சம் குறைவு" என்ற பேச்சே கிடையாது.

வார்டு அக்கா | நவம்பர் 12, இரவு 8.45

எல்லாரும் டெங்குவையே பேசுகிறீர்கள். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இங்கே ஸ்க்ரப் டைபஸ் (புதரிலுள்ள சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) எவ்வளவு வருகிறது! என்எஸ்1 நெகட்டிவ், பிளேட்லெட் குறைவு, ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் துணியை விலக்கி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்கு அடியில் பார்க்க வேண்டும். சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளி சொல்ல மாட்டார். வயல் வேலை, விறகு பொறுக்குவது, புதர் வெட்டுவது என்று கேளுங்கள்.

கோரிமேட்டுக்காரர் | நவம்பர் 13, காலை 6.20

அக்கா சொன்னது லேபில் நடப்பதைவிட முக்கியம். ஸ்க்ரப் டைபஸ் பாக்டீரியா, அதன் ஐஜிஎம் எலிசாவுக்கும் இதே நாள் கணக்குத் தொல்லை உண்டு. முதல் வாரக் கடைசியில்தான் ஏறும், பிறகு மாதக் கணக்கில் இறங்காது. அதோடு அந்தந்த ஊர் ஆரோக்கியமானவர்களின் சீரத்தை ஓட்டி எல்லையை உள்ளூரிலேயே நிர்ணயிக்க வேண்டும். வேறு ஊர் எல்லையை இங்கே வைத்தால் வயல் வேலை செய்பவர்களில் பலர் பாசிட்டிவ் ஆகிவிடுவார்கள். அதனால்தான் டாக்டர்கள் சந்தேகம் வந்தவுடன் டாக்சிசைக்ளின் தொடங்கிவிடுகிறார்கள், ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. மழைத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் பட்டியலில் வர வேண்டும்.

விடால் (டைபாய்டுக்கான ஆன்டிபாடி டெஸ்ட்) பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சல் இரண்டாம் நாளே விடால் போட்டு "டைபாய்டு" என்று சொல்வது இங்கே ஒழியாத வழக்கம். ஒற்றை விடால் டைட்டர் (ஆன்டிபாடி அளவு) எதையும் நிரூபிக்காது. டைபாய்டு சந்தேகம் என்றால் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பு ரத்தக் கல்ச்சர்.

கெடிலக்கரை | நவம்பர் 13, மாலை 5.30

எதற்கும் உதவாத டெஸ்டை அரசாங்கமே ஏன் எடுக்கிறது? கோவிட்டுக்கும் ஊர் ஊராக ஆன்டிபாடி எடுத்தார்களே.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 13, இரவு 11.10

அது ஆளைப் பார்க்கும் டெஸ்ட் இல்லை, ஊரைப் பார்க்கும் டெஸ்ட். ஜிப்மர் மருத்துவமனைக் குழு 2020 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புதுச்சேரியில் மாதம் ஒன்றாக மூன்று சர்வே எடுத்தது. ஆன்டிபாடி இருந்தவர்கள் 4.9 சதவீதத்திலிருந்து 34.5 சதவீதத்துக்கு ஏறினார்கள். டெஸ்டில் உறுதியான நோயாளி எண்ணிக்கையைப் போல இருபது மடங்கு. அந்த வேலைக்கு ஆன்டிபாடியை விட்டால் வேறு கருவி இல்லை. கிட்டின் பிழை தெரிந்தால் மொத்த எண்ணைத் திருத்திவிடலாம். தனி ஆளின் தாளில் அப்படித் திருத்த முடியாது.

தடுப்பூசி வந்த பிறகு இன்னொரு கூத்து. கோவிஷீல்டு உடம்புக்குக் காட்டுவது ஸ்பைக் புரதம் மட்டும். கோவாக்சின் முழு வைரஸைக் கொன்று செய்தது, வைரஸுக்குள் இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடியும் வரலாம். "நியூக்ளியோகேப்சிட் பாசிட்டிவ், அதனால் நோய் வந்து போயிருக்கிறது" என்பது கோவிஷீல்டு போட்டவருக்குச் சரி, கோவாக்சின் போட்டவருக்குச் சொல்ல முடியாது. எந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி என்று பார்க்காமல் வாங்கிய "இம்யூனிட்டி ரிப்போர்ட்" எல்லாம் ஃபிரேம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

கோரிமேட்டுக்காரர் | நவம்பர் 14, காலை 6.40

முதல் பதிவின் இன்னொரு பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை: "பிளேட்லெட் பார்த்தால் போதும்". போதாது. ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல், மலேரியா, சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாவற்றிலும் பிளேட்லெட் இறங்கும். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது. அதைக் காட்டுவது பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் சதவீதம்). முதல் நாள் 40 இருந்த பிசிவி 48 ஆனால் 20 சதவீதம் ஏற்றம், பிளேட்லெட் 90,000 இருந்தாலும் அது எச்சரிக்கை மணி. காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். "காய்ச்சல் போய்விட்டது" என்று வீட்டுக்குப் போவதும் அப்போதுதான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலே ஆஸ்பத்திரி. எந்த ஆன்டிபாடி ரிப்போர்ட்டும் இதற்குக் குறுக்கே வரக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரொஃபென் வேண்டாம்.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 14, மதியம் 1.00

பிளேட்லெட் பற்றி என் பங்கு: மெஷின் திடீரென்று 28,000 காட்டி, ஆள் வாசலில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தால் ஸ்மியர் (கண்ணாடியில் பூசிய ரத்தம்) போட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சிலரின் ரத்தத்தில் ஈடிடிஏ (குழாயில் இருக்கும் உறைதடுப்பு மருந்து) பட்டால் பிளேட்லெட் கட்டி கட்டியாகச் சேரும், மெஷின் ஒரு கட்டியை ஒன்று என்றுகூட எண்ணாது. சிட்ரேட் குழாயில் எடுத்து ஓட்டி, வந்த எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள். அந்தக் குழாயில் திரவம் முன்பே இருப்பதால் இந்தப் பெருக்கல்.

கெடிலக்கரை | நவம்பர் 16, மாலை 7.20

ஒன்பதாம் நாள் ரத்தம் எடுத்தாயிற்று, தனியாரில், பான்பயோ. ஐஜிஎம் 10.2. ஐஜிஜி கேப்சர் 41. ஆள் நலம், பிசிவி ஏறவேயில்லை. இதற்கு மேல் என்ன?

கோரிமேட்டுக்காரர் | நவம்பர் 16, இரவு 8.00

பான்பயோ ஐஜிஎம்மில் 9க்குக் கீழே நெகட்டிவ், 11க்கு மேல் பாசிட்டிவ். 10.2 இழுபறி. அதே சீரத்தை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் இழுபறி என்றால் புதிய சாம்பிள் கேட்பார்கள். ஆனால் ஐஜிஜி கேப்சர் 41 என்பது எல்லைக்கு இரு மடங்கு கிட்டத்தட்ட. ஐஜிஎம் தயங்குகிறது, ஐஜிஜி உச்சத்தில். அண்மையில் வந்த இரண்டாம் முறை டெங்கு என்று பெரிதும் நம்பலாம், "உறுதி" என்று எழுத மாட்டேன். நாலாம் நாள் எடுத்த சீரம் மிச்சம் இருந்தால் இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஐஜிஜி டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருந்தால் கதை முடிந்தது. மைனஸ் 20இல் வைத்திருந்தால் மட்டும்; ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வாரம் கிடந்ததென்றால் வேண்டாம்.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 16, இரவு 8.30

கார்டு மட்டும் பாசிட்டிவ் என்றால் கொசுவழி நோய்களுக்கான தேசியத் திட்டக் கணக்கில் அது "வாய்ப்புள்ள" டெங்குதான். என்எஸ்1 எலிசாவோ ஐஜிஎம் கேப்சர் எலிசாவோ பாசிட்டிவ் ஆனால்தான் உறுதி. இன்ஷூரன்ஸ்காரர் தகராறு செய்தால் இது கைகொடுக்கும், அல்லது காலை வாரும்.

வார்டு அக்கா | நவம்பர் 17, காலை 7.00

ஏழு மாசக் குழந்தை, இரண்டாம் நாள் காய்ச்சல், கார்டில் ஐஜிஜி மட்டும் கோடு. அம்மா பயந்துபோய் நிற்கிறார், "இரண்டாம் முறை டெங்கு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இதற்கு என்ன?

கோரிமேட்டுக்காரர் | நவம்பர் 17, காலை 7.25

அந்த ஐஜிஜி அம்மாவுடையது. நச்சுக்கொடி வழியாக வந்தது, ஒரு வயதுக்குள் கரைந்துவிடும். குழந்தைக்கு இது முதல்முறைத் தொற்றாகத்தான் இருக்கும், அதனால் என்எஸ்1 இங்கே நன்றாகப் பிடிக்கும், அதையும் பாருங்கள். ஐஜிஎம் நச்சுக்கொடியைத் தாண்டாது, பிறகு எம் கோடு வந்தால் அது குழந்தையின் சொந்த ஐஜிஎம். ஆனால் "அம்மாவுடையதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். பாதி கரைந்த அம்மாவின் ஆன்டிபாடி இருக்கும் இந்த மாதங்களில்தான் முதல் தொற்றே கடுமையாக வரக்கூடும். இன்றே ஒரு பிசிவி எடுத்து எழுதி வையுங்கள். நாளைக்கு ஒப்பிட அது வேண்டும்.

மூன்றாம் ஷிப்ட் | நவம்பர் 17, காலை 7.40

அக்கா, சிரையில் எடுத்தால் முதலில் பிளெயின் (உறைதடுப்பு மருந்து இல்லாத) குழாயில் 1 மில்லி, பிறகு ஈடிடிஏ பீடியாட்ரிக் குழாயில் 0.5 மில்லி. குதிகாலில் குத்தி எடுத்தால் வரிசையை மாற்றுங்கள், ஈடிடிஏ முதலில், இல்லையென்றால் உறைந்துவிடும். குதிகாலைப் பிழியாதீர்கள், திசு நீர் கலந்து பிசிவி குறைவாகக் காட்டும். 1 மில்லியில் 0.4 மில்லி சீரம் கிடைக்கும், என்எஸ்1 கார்டு போட்டு எலிசாவுக்கும் மிச்சம் வைக்கலாம்.